ஒரு கவுண்டியின் கோதுமை மானியத்தை நீங்களே கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி

அமெரிக்காவின் விட்மன் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) இன்னாருக்கு இத்தனை லட்சம் டாலர் மானியம் என்று ஒரு பட்டியல் யார் கண்ணிலாவது படும். உடனே எனக்கு அனுப்பி, "இது உண்மையா?" என்று கேட்பார்கள். தொகை பெரும்பாலும் உண்மைதான். அமெரிக்க வேளாண் துறை எந்த விவசாயிக்கு எவ்வளவு கொடுத்தது என்பது பொதுத் தகவல், யார் வேண்டுமானாலும் வாங்கிப் பார்க்கலாம். ஆனால் எந்த ஆண்டு அறுவடைக்கு, எந்தத் திட்டத்தில், எத்தனை ஏக்கருக்கு, எத்தனை பேர் பங்குக்கு வந்த பணம் என்று தெரியாமல் அந்த ஒற்றைத் தொகையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதைத் தெரிந்துகொள்ளும் வழியைத்தான் எழுதுகிறேன். கூட்டல், கழித்தல், பெருக்கல் போதும்.

வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், கோல்ஃபாக்ஸ் என்ற ஊரில், விவசாயிகளின் வரிக் கணக்கைப் பார்க்கும் சிறிய அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். கோல்ஃபாக்ஸ்தான் விட்மன் கவுண்டியின் தலைநகர். அமெரிக்காவில் கோதுமை அதிகம் விளையும் கவுண்டி என்று பெயர் வாங்கிய இடம் இது. பலூஸ் என்று அழைக்கப்படும் இந்தப் பகுதி முழுக்க மேடும் பள்ளமும்தான். காற்று கொண்டுவந்து குவித்த வண்டல் மண், அதில் செங்குத்தான சரிவு வரைக்கும் கோதுமை. விளைவது பெரும்பாலும் மென்மையான வெள்ளைக் கோதுமை. கேக், பிஸ்கட், நூடுல்ஸுக்கு ஏற்றது. ஸ்னேக் ஆற்றில் படகேறி போர்ட்லாந்து துறைமுகம் போய், அங்கிருந்து ஜப்பானுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் கொரியாவுக்கும் போகிறது. கோதுமைக்கு இடையிடையே கொண்டைக்கடலையும் மசூரும் பட்டாணியும் போடுவார்கள். 2019-ல் இந்தியா அமெரிக்கக் கடலைக்கும் மசூருக்கும் கூடுதல் வரி போட்டபோதும், 2023-ல் அதை நீக்கியபோதும் எங்கள் அலுவலகத்தில் அதே பேச்சுதான்.

சரி, கணக்குக்கு வருவோம்.

முதலில் பதிவேடு

வயலில் என்ன விளைகிறது என்பதைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். முக்கியமான மானியங்கள் இன்று விதைத்திருக்கும் கோதுமைக்குக் கொடுக்கப்படுவதில்லை. 'பேஸ் ஏக்கர்' என்று பதிவேட்டில் உள்ள நிலத்துக்குக் கொடுக்கப்படுகின்றன. ஒரு காலத்தில் அந்த நிலத்தில் கோதுமை போட்டதற்கான அரசாங்கப் பதிவு அது. 1996 சட்டம் விதைப்புக்கும் பணத்துக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்தது. 2002-ல், 1998 முதல் 2001 வரை விதைத்த சராசரியை வைத்துப் பதிவைப் புதுப்பிக்க ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். 2014-ல், இருக்கும் பேஸ் ஏக்கரைப் பயிர்களுக்கிடையே மாற்றிப் பிரித்துக்கொள்ள விட்டார்கள். 2025 ஜூலையில் வந்த சட்டம் நாடு முழுவதும் 3 கோடி ஏக்கர் வரை புதிதாகச் சேர்க்க இடம் கொடுத்திருக்கிறது.

ஆகவே 500 ஏக்கர் கோதுமை பேஸ் உள்ள ஒருவர் இந்த வருஷம் முழுக்கக் கடலை போட்டிருந்தாலும், கோதுமை விலை விழுந்தால் கோதுமைப் பணம் வரும். பேஸே இல்லாத நிலத்தை வாங்கி முழுக்கக் கோதுமை விதைத்தவருக்கு அதே வருஷம் ஒன்றும் வராது. எனக்கு இதில் உறுத்தல் உண்டு. புதிதாக விவசாயத்துக்கு வரும் இளைஞர்கள்தான் இரண்டாவது ஆளாக இருக்கிறார்கள்.

இந்தப் பதிவு இருக்கும் தாளின் பெயர் எஃப்எஸ்ஏ-156இஇசட். பண்ணை எண், நிலத்துண்டின் எண், பயிர் வாரியாக பேஸ் ஏக்கர், அதற்கு நேரே 'பி.எல்.சி. யீல்டு' என்று ஒரு எண் (பி.எல்.சி. என்பது விலை விழுந்தால் ஈடுகட்டும் திட்டம், கீழே வருகிறது). மேலோட்டமாகப் பார்த்தால் கண்ணில் படாது, அத்தனை சின்ன எழுத்து. அந்த யீல்டு, ஏக்கருக்கு எத்தனை புஷல் என்று ஏதோ ஒரு பழைய காலகட்டத்தில் குறித்து வைத்தது. ஒரு புஷல் கோதுமை 60 பவுண்டு, அதாவது 27 கிலோ சொச்சம். பலூஸில் நல்ல வருஷத்தில் ஏக்கருக்கு 80, 90 புஷல் அறுக்கும் வயலுக்குக்கூடத் தாளில் 60 என்று இருக்கும். கணக்குக்குத் தாளில் இருப்பதுதான் செல்லும்.

இந்தத் தாள் அந்த விவசாயிக்கும் நில உரிமையாளருக்கும் மட்டுமே கிடைக்கும். 2008 பண்ணைச் சட்டத்தில் 1619 என்ற பிரிவு தனிப் பண்ணைகளின் நில விவரத்தை வெளியிடக் கூடாது என்கிறது. அதாவது ஒருவருக்கு எவ்வளவு டாலர் போனது என்று ஊரே பார்க்கலாம், எத்தனை ஏக்கருக்கு என்று பார்க்க முடியாது. பட்டியல்களைப் பார்த்து எழும் கோபத்தில் பாதி இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. ஆனால் கவுண்டி முழுமைக்கும் எந்தப் பயிருக்கு எத்தனை பேஸ் ஏக்கர் பதிந்திருக்கிறது, அதில் எவ்வளவு எந்தத் திட்டத்தில் என்று எஃப்.எஸ்.ஏ. (மானியத்தைக் கொடுக்கும் வேளாண் துறைக் கிளை) வெளியிடுகிறது. அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூடவே அதே கவுண்டியில் அந்த ஆண்டு உண்மையில் விதைத்த கோதுமை ஏக்கரையும் வேளாண் புள்ளிவிவரத் துறையின் கணக்கிலிருந்து எடுத்துப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது. எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்தாலே அந்த ஊர் எந்தப் பயிரிலிருந்து எந்தப் பயிருக்கு நகர்ந்தது என்று புரிந்துவிடும்.

பி.எல்.சி. கணக்கு

கோதுமைக்கு முக்கியமான திட்டம் இது. விலை ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் வித்தியாசத்தை ஈடுகட்டுவது. 2019-ல் நாட்டின் கோதுமை பேஸில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இதில்தான் சேர்ந்தது. அரசாங்கம் நிர்ணயித்த 'ரெஃபரன்ஸ் விலை' 2014 முதல் புஷலுக்கு 5.50 டாலர். 2025 சட்டம் அதை 6.35 ஆக்கியிருக்கிறது. இன்னொரு பக்கம், ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரையிலான சந்தை ஆண்டில் நாடு முழுவதும் விவசாயிகளுக்குக் கிடைத்த சராசரி விலை. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் புஷலுக்கு மானியம். ஒன்றும் மிஞ்சாவிட்டால் மானியமும் இல்லை.

சராசரி விலைகளை இங்கேயே தருகிறேன். 2016 அறுவடை 3.89, 2017 4.72, 2018 5.16, 2019 4.58, 2020 5.05, 2021 7.63, 2022 8.83, 2023 6.96. ஆக, 2016-க்கு மானியம் 1.61, 2017-க்கு 0.78, 2018-க்கு 0.34, 2019-க்கு 0.92, 2020-க்கு 0.45. அடுத்த மூன்று அறுவடைக்கும் பூஜ்யம்.

கோதுமை பேஸ் 1,000 ஏக்கர், யீல்டு 60 என்று ஒரு பண்ணையை வைத்துக்கொள்வோம். பேஸில் 85 சதவீதத்துக்குத்தான் பணம், எனவே 850 ஏக்கர். அதை 60-ஆல் பெருக்கினால் 51,000 புஷல். 2019 அறுவடைக்கு 0.92-ஆல் பெருக்குங்கள், 46,920 டாலர். பட்ஜெட் கட்டுப்பாட்டுக்காக அரசாங்கம் பிடித்துக்கொள்ளும் சுமார் 6 சதவீதத்தைக் கழித்தால் கையில் 44,000 சொச்சம். அதே பண்ணைக்கு 2016 அறுவடைக்குப் பிடித்தத்துக்கு முன் 82,110 டாலர்.

இந்த 2016-ஐ 2021-உடன் சேர்த்துப் பாருங்கள். 2016-ல் வாஷிங்டனில் விளைச்சல் அருமை, விலை மட்டும் படுத்துவிட்டது, பணம் வந்தது. 2021-ல் கடும் வெயில், வறட்சி. மாநிலத்தின் கோதுமை முந்தின ஆண்டில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் விலை ஏறிவிட்டதால் பி.எல்.சி. ஒரு செண்ட்கூடத் தரவில்லை. இந்தத் திட்டம் விலைக்கு மட்டும்தான் காவல், விளைச்சலுக்குக் காவல் வேறு. அது கீழே வருகிறது.

ஏ.ஆர்.சி. என்று இன்னொரு திட்டம் உண்டு. விலையையும் கவுண்டியின் சராசரி விளைச்சலையும் பெருக்கி வருமானத்தைப் பார்ப்பது. கவுண்டி சராசரி என்பதால், ஆலங்கட்டி மழையில் உங்கள் வயல் மட்டும் போனால் அது கண்டுகொள்ளாது. விவசாயி ஒவ்வொரு பயிருக்கும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2025 அறுவடைக்கு மட்டும் எது அதிகமோ அது தானாகவே கிடைக்கும் என்று புதிய சட்டம் சொல்லியிருக்கிறது.

ஆண்டைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

பட்டியலைப் படிப்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். இங்கே குளிர்காலக் கோதுமையை செப்டம்பர், அக்டோபரில் விதைக்கிறார்கள். அறுவடை அடுத்த ஆண்டு ஜூலைக் கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் முழுக்க. சந்தை ஆண்டு அதற்கடுத்த மே மாதம் முடியும். பி.எல்.சி. பணம் அக்டோபரில். அதாவது 2018 செப்டம்பரில் மண்ணில் போட்ட விதைக்கான மானியம் 2020 அக்டோபரில் வங்கிக்கு வருகிறது. பட்டியலில் '2020' என்று இருப்பது 2019 அறுவடைப் பணம்.

அதோடு 2020 தனி ரகம். அந்த ஆண்டு கொரோனா நிவாரணமும் சேர்ந்துகொண்டது. நாடு முழுவதும் பண்ணைகளுக்கு நேரடியாகக் கொடுத்தது 4,500 கோடி டாலரைத் தாண்டியது. அந்த ஓர் ஆண்டை மட்டும் எடுத்துக்காட்டி ஒருவர் பேசினால், 2014-லிருந்து எல்லா ஆண்டுகளையும் காட்டச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட ஒருமுறை உதவிகளைத் தனி வரிசையில் எழுதி வையுங்கள். 2018-ல் சீனாவுடன் வரிச் சண்டை வந்தபோது கோதுமைக்கு விளைந்த புஷலுக்கு 14 செண்ட் கொடுத்தார்கள். 2021 வறட்சிக்கு அவசர நிவாரணம் 2022-ல் வந்தது. 2024 பயிருக்கு, 2025-ல், விதைத்த ஏக்கருக்கு 30.69 டாலர் என்று ஒரு திட்டம். இவை பேஸைப் பார்ப்பதில்லை, விதைத்ததையும் விளைந்ததையும் பார்க்கின்றன. எனவே பி.எல்.சி. சூத்திரத்தை இவற்றின் மேல் போட்டால் விடை வராது.

எங்கள் மேசைக்கு ஜனவரியில் 1099-ஜி என்ற தாள் வரும், முந்தின ஆண்டு எஃப்.எஸ்.ஏ. கொடுத்ததன் சுருக்கம். விவசாயிகள் மார்ச் 1-க்குள் வரி தாக்கல் செய்வது வழக்கம் என்பதால் பிப்ரவரி முழுக்க அதோடுதான் வாழ்க்கை. வரிப் படிவமான ஷெட்யூல் எஃப்-இல் நான்காவது வரி அரசாங்கத் திட்டப் பணம், ஆறாவது வரி பயிர்க் காப்பீடு. இரண்டையும் தனித்தனியே எழுத வைத்திருக்கிறார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பெயருக்குப் பின்னால் எத்தனை பேர்

பி.எல்.சி., ஏ.ஆர்.சி. இரண்டும் சேர்த்து ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர்தான் உச்சம் என்று இருந்தது. 2025 சட்டம் அதை 1,55,000 ஆக்கியது. மேலே சொன்ன பண்ணையின் பேஸ் 1,600 ஏக்கர் என்று வைத்தால் 2016 கணக்கு 1,31,376 வரும், உச்சத்தைத் தாண்டிவிடும். ஆனால் கணவன் மனைவி இருவரும் இருந்தால் இரண்டு உச்சம். அண்ணன் தம்பிகள் கூட்டாளிகளாகப் பண்ணை நடத்தினால் ஒவ்வொருவருக்கும் ஓர் உச்சம். 2018 சட்டம் அண்ணன் தம்பி பிள்ளைகளையும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளையும் அந்தக் குடும்பக் கணக்கில் சேர்த்துவிட்டது. பட்டியலில் 'இன்னார் பண்ணைகள்' என்று ஒரே பெயரில் 4 லட்சம் டாலர் இருந்தால் அதற்குப் பின்னால் நாலு குடும்பம் இருக்கலாம். நிஜமாகவே நிலத்தில் இறங்காமல், 'மேலாண்மை' என்ற பெயரில் பங்கு வாங்கும் உறவினரும் இருக்கலாம். இந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உச்சவரம்பு என்று ஒன்றை வைத்துவிட்டு ஆள் சேர்த்தால் கூடும் என்பது சின்ன விவசாயிக்குச் செய்யும் அநியாயம்.

அடுத்தது நிலம் யாருடையது என்ற கேள்வி. இங்கே வாரத்துக்கு விடும் பழக்கம் இன்னும் பலமாக இருக்கிறது, நில உரிமையாளருக்கு மூன்றில் ஒரு பங்கு விளைச்சல் என்பது பழகிய கணக்கு. வாரம் என்றால் மானியமும் அதே பங்கில் பிரியும். பணக் குத்தகை என்றால் முழு மானியமும் உழுபவருக்கு. கவுண்டிப் பட்டியலில் சியாட்டில், ஸ்போகேன் முகவரிகளைப் பார்த்து "நகரத்துக்காரன் எப்படி வாங்கினான்?" என்று ஆச்சரியப்பட வேண்டாம். பாட்டி விட்டுப்போன நிலத்தை வாரத்துக்கு விட்டவராக இருக்கலாம். அதே காரணத்தால், முகவரியை வைத்துக் கூட்டிய தொகையும் பண்ணை இருக்கும் கவுண்டியை வைத்துக் கூட்டிய தொகையும் ஒத்துவராது. எதை வைத்துக் கூட்டியது என்று முதலில் கேளுங்கள்.

பட்டியலில் வராத பெரிய மானியம்

அதுதான் பயிர்க் காப்பீடு. தனியார் கம்பெனிகள் விற்கின்றன. ஆனால் பிரீமியத்தில் சராசரியாக 60 சதவீதத்துக்கு மேல் அரசாங்கம் கட்டுகிறது. இதற்கு உச்சவரம்பு இல்லை, வருமான வரம்பும் இல்லை. பி.எல்.சி.க்கு ஆண்டு வருமானம் 9 லட்சம் டாலரைத் தாண்டினால் பொதுவாக வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள், காப்பீட்டுக்கு அந்த வாசலே இல்லை. யாருக்கு எவ்வளவு என்று பெயர் வாரியாக வெளியிடுவதும் இல்லை. கவுண்டி மொத்தம் மட்டும் கிடைக்கும். கோதுமை என்ற வரிசையில் மொத்தப் பிரீமியம், அதில் அரசாங்கப் பங்கு, கொடுத்த இழப்பீடு என்று மூன்று எண்கள் இருக்கும். விவசாயிகள் கட்டியது முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தது. இழப்பீட்டிலிருந்து அதைக் கழித்தால் அந்த ஆண்டு கவுண்டிக்கு நிகரமாக வந்தது தெரியும். நல்ல வருஷங்களில் கழித்தால் மைனஸ் வரும், அதையும் மறைக்காமல் எழுதுங்கள். 2021-ல் இந்த ஊர்களைத் தாங்கிப் பிடித்தது காப்பீடுதான், அதை நான் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் இதை எடுத்துவிட வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பெயர் வாரியாக வெளியிட வேண்டும் என்று சொல்வேன்.

இந்தியாவோடு ஒப்பிடுவதானால்

2018 மே மாதம் அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில், இந்தியா கோதுமைக்கும் நெல்லுக்கும் தரும் ஆதரவு வரம்பை மீறுகிறது என்று கணக்குக் கொடுத்தது. அதிலிருந்து இந்த ஒப்பீடு ஓயவில்லை. ஒப்பிடலாம், அலகைச் சரிசெய்துவிட்டு. ஒரு குவிண்டாலுக்குச் சுமார் 3.67 புஷல். எனவே 6.35 டாலர் ரெஃபரன்ஸ் விலை குவிண்டாலுக்கு 23 டாலருக்குக் கொஞ்சம் மேல், ரூபாயில் இரண்டாயிரத்தை ஒட்டி. இந்தியாவின் 2025-26 கோதுமை ஆதார விலை 2,425 ரூபாய். விலையை மட்டும் பார்த்தால் இந்தியாவுடையதுதான் அதிகம். ஆனால் இந்திய விவசாயிக்கு அந்த விலை கிடைக்க அரசாங்கம் மூட்டையை வாங்க வேண்டும். கொள்முதல் நிலையம் இல்லாத ஊரில் அது காகிதத்தில் உள்ள விலைதான். விட்மன் கவுண்டியில் இந்த மானியத்துக்காக அரசாங்கம் கோதுமையை வாங்குவதில்லை. விற்றாலும் விற்காவிட்டாலும் வித்தியாசத்தொகை கணக்கில் ஏறுகிறது. நம்மூர் நண்பர்கள் விலையை மட்டும் வைத்து வாதாடும்போது இந்த வேறுபாட்டை விட்டுவிடுகிறார்கள். இதுதான் உண்மையில் பேச வேண்டியது.

நிலம் வாங்கப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் இருக்கும் தமிழ் நண்பர்கள் சிலர் விவசாய நிலத்தில் பணம் போடலாமா என்று கேட்கிறார்கள். விலை பேசுவதற்கு முன் விற்பவரிடம் 156இஇசட் தாளைக் கேளுங்கள். பேஸ் ஏக்கர் நிலத்தோடு வரும். ஆனால் ஒரு பண்ணையை உடைத்து விற்கும்போது பேஸை எப்படிப் பிரிப்பது என்பதில் விற்பவருக்குப் பேச இடம் இருக்கிறது. பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். அந்த நிலம் ஏதாவது மண் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 1985-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் 10 முதல் 15 ஆண்டுகள் வரை நிலத்தைப் புல்லாக விட்டுவைக்க ஒப்புக்கொண்டிருப்பார்கள். நடுவில் உழுதால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டி வரும்.

வாங்கிய பிறகு கவுண்டி எஃப்.எஸ்.ஏ. அலுவலகத்தில் கொடுக்க வேண்டியவை: யார் எந்தப் பங்கில் பண்ணை நடத்துகிறார்கள் என்று சிசிசி-902, வருமான வரம்புக்கு சிசிசி-941, மண் அரிப்பைத் தடுப்போம், சதுப்பு நிலத்தை அழிக்க மாட்டோம் என்ற உறுதிமொழியாக ஏடி-1026. ஒவ்வொரு ஆண்டும் என்ன விதைத்தது என்று எஃப்எஸ்ஏ-578. பேஸுக்குத்தான் பணம் என்றாலும் இந்த விதைப்பு அறிக்கை இல்லாமல் பணம் வராது. சரிவு நிலம் நிறைந்த பலூஸில் ஏடி-1026-ஐ லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குளிர்காலக் கோதுமைக் காப்பீட்டுக்குக் கடைசி நாள் செப்டம்பர் 30, அதைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான். வாரமா குத்தகையா என்பதை உழுபவரோடு எழுத்தில் முடிவு செய்த பிறகே இந்தப் படிவங்களில் கையெழுத்துப் போடுங்கள். அவர் ஒரு பங்கும் நீங்கள் வேறொரு பங்கும் எழுதிக் கொடுத்தால் இருவர் பணமும் நின்றுவிடும்.